சுவரைத் தட்டிய கை

கலும்பாங் ஊருக்கு மேற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் திவாகரனுக்கு, பெற்ற மகளைக் கண்டு பயம் வந்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மகள் பெயர் தனுஷா. வயது மூன்று மாதமும் ஒரு வாரமும். பகலெல்லாம் சாதுவாகக் கிடப்பாள். சாயங்காலம் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்கட்டும் என்று விளக்கை அணைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். முகம் கன்றிச் சிவக்கும். முட்டி இரண்டும் வயிற்றோடு மடங்கும். ஒரு கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவில் மூச்சு நின்றுபோய், நின்ற மூச்சு திரும்பும்போது முன்னைவிடப் பெரிதாகக் கத்துவாள். கிளினிக்கில் காட்டினார்கள். "உடம்புக்கு ஒன்னுமில்ல. சில புள்ளைங்க இப்படித்தான். நாலு மாசம் ஆனா தானா நின்னுடும்" என்று அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி சொல்லி அனுப்பிவிட்டாள்.

ரூபினி வீட்டில் இருந்தவரை அந்த அழுகையை அவள் பார்த்துக்கொண்டாள். பிரசவ விடுப்பு முடிந்தது. தஞ்சோங் மாலிமில் கார் பாகங்கள் செய்யும் பேக்டரியில் அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட் போட்டார்கள். இரண்டு மணிக்குப் பேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டால் பதினொன்றரைக்குத்தான் இறக்கிவிடும். அவள் போன பிறகு குழந்தையைப் பக்கத்து வீட்டுத் திலகா வைத்துக்கொள்வாள். ஆறு மணிக்குத் திவாகரன் லோரியை விட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு அவனும் அந்த அழுகையும்தான்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அவன் வீட்டுக்கும் திலகா வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். மேலே கூரை வரை எட்டாத சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். முதல் இரண்டு நாளும் முடியாமல் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திலகா வீட்டு வாசலில் நின்றான். அவள் வாங்கி, தோளில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டிக்கொண்டே முற்றத்தில் நடந்தாள். பத்து நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. திலகாவின் புருஷன் வாசு அந்தத் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிற ஆள்.

"என்னா டிரைவரே, பத்து டன் லோரிய ஒத்தக் கையில திருப்புறீங்க. ஆறு கிலோ புள்ளைய வெச்சிக்க முடியலியா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். திலகாவும் சிரித்தாள். திவாகரனும் பல்லைக் காட்டினான். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அவன் அந்த வாசலுக்குப் போகவில்லை.

அவனுடைய கோபம் தோட்டத்தில் தெரிந்த விஷயம். அப்பா நாராயணசாமி ரப்பர் குழாயால் அடித்தே அவனை வளர்த்தார். அப்படி வளர்ந்தும் ரூபினி மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. கை வேறு எங்கெங்கோ பாய்ந்திருக்கிறது. குளியலறைக் கதவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அவன் முஷ்டி அளவுக்கு. போன வருஷம் செம்பனைக் குலை இறக்கும் எண்ணெய் மில்லில் வரிசையை முந்திய ஒருவனை லோரியிலிருந்து கீழே இழுத்துப் போட்டிருக்கிறான். கர்ப்பமாக இருந்தபோது ரூபினி ஒருமுறை கேட்டாள்: "கதவ குத்துற மாதிரி ஒரு நாளு எங்கள குத்த மாட்டியே, திவா?" அவன் அதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

ஒன்பதாம் நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை மில்லில் கன்வேயர் நின்றுபோனது. குலை ஏற்றிய லோரியோடு வெயிலில் நான்கு மணி நேரம் வரிசையில் கிடந்தான். மதியம் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, குழந்தையை வாங்கி, குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏழு மணிக்கு ஏணையில் போட்டான். உத்தரத்து ஸ்பிரிங்கில் சாரோங் துணி கட்டிய ஏணை அது. இழுத்து விட்டால் மேலும் கீழுமாக ஆடும்.

ஏழு ஐந்துக்கு அவள் ஆரம்பித்தாள்.

முதலில் மெதுவாக ஆட்டினான். ஓம வாட்டர் கொடுத்தான், துப்பிவிட்டாள். தூக்கிக்கொண்டு நடந்தான். திலகா செய்ததுபோலத் தோளில் குப்புறப் போட்டுத் தட்டினான். குழந்தை காதுக்குள்ளேயே கத்தியது. மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான். போனில் பாட்டுப் போட்டான். தெரிந்த பாட்டையெல்லாம் தானே பாடிப் பார்த்தான். ஏழே முக்கால் ஆனது. மறுபடி ஏணையில் போட்டு ஆட்டினான். இந்த முறை ஆட்டியதில் வேகம் இருந்தது. ஸ்பிரிங் கிறீச் கிறீச்சென்று கத்தியது, குழந்தை அதற்கு மேல் கத்தியது. இரண்டு சத்தமும் சேர்ந்து அவன் மண்டைக்குள் மோதின.

"போதும்" என்றான். "போதும் தனு. அப்பாவால முடியல."

குழந்தை நிறுத்தவில்லை.

"போதும்னு சொல்றேன்ல!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் ஒரு நொடி திடுக்கிட்டு வாயை மூடினாள். அடுத்த நொடி, அதுவரை அழுததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல வீறிட்டாள். திவாகரனுக்குக் கண் மறைத்தது. ஏணைத் துணியை விலக்கினான். இரண்டு மேல்கைகளையும் பிடித்து அவளை வெளியே தூக்கினான். தன் முகத்துக்கு நேரே நிறுத்தினான். கால்கள் தொங்கின. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் விரல்கள் அந்தச் சின்னக் கைகளில் இறுகின. இறுகுவது அவனுக்குத் தெரிந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ஒரே உலுக்கு, இது நின்றுவிடும் என்று தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு இதமாக இருந்தது என்பதைத்தான் பின்னாளில் அவனால் மறக்க முடியவில்லை. அவன் தோள்பட்டை பின்னுக்கு இழுத்தது.

அப்போது சுவரை யாரோ தட்டினார்கள்.

டம் டம் டம்மென்று மூன்று தட்டு. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் குதித்தது. அதற்குப் பின்னால் வாசுவின் குரல் ஏதோ சொன்னது. குழந்தையின் கத்தலில் வார்த்தை எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆறு கிலோ, பத்து டன், அந்தச் சிரிப்பு எல்லாம் ஒன்றாக ஏறின. திவாகரன் குழந்தையை ஏணைக்குள் போட்டான். வைத்தான் என்று சொல்ல முடியாது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான்.

வாசு அதற்குள் தன் வீட்டிலிருந்து இறங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இவன் வாசலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான்.

"தம்பி..." என்று வாயைத் திறந்தான்.

முதல் குத்து அந்தத் திறந்த வாயில் விழுந்தது. பல் உடைந்தது திவாகரன் விரல் முட்டியில் தெரிந்தது. வாசு பின்னால் சாய்ந்து தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டான். இரண்டாவது குத்து மூக்கில். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியது, ரத்தம் பனியன் மேல் கொட்டியது. வாசு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். திவாகரன் அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு மறுபடி குத்தினான். விழுந்தவனை விலாவில் உதைத்தான். உதைக்க உதைக்க, "தட்டுவியா? தட்டுவியா?" என்று கத்தினான். வாசு அவன் காலைப் பிடித்துக்கொண்டான். அடிப்பதற்காக இல்லை, அடுத்த உதை விழாமல் இருக்க. திவாகரன் அவன் முடியைப் பற்றித் தலையைத் தூக்கி, தொட்டியின் சிமெண்டு விளிம்பில் ஒரு முறை இடித்தான். இரண்டாவது முறைக்குத் தூக்கியபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

வீட்டுக்குள் சத்தம் இல்லை.

குழந்தை அழவில்லை.

வாசுவின் முடியை விட்டான். எப்படிப் போட்டேன்? தலை எங்கே பட்டது? உள்ளே ஓடினான். ஏணை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. காலி.

பின்கதவு திறந்து கிடந்தது. அடுப்படியில் திலகா நின்றாள். இடது தோளில் குழந்தை. வலது கையில் வெங்காயம் நறுக்கும் கத்தி. குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது. திவாகரன் இரண்டு எட்டு முன்னால் வைத்தான்.

"குடுங்கக்கா."

"அங்கயே நில்லு."

"எம்புள்ளைக்கா."

"யாரு புள்ளையா இருந்தா என்னா? கிட்ட வந்தீன்னா வகுந்துடுவேன். சத்தியமா சொல்றேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அவள் அதைச் செய்வாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தன் கைகளைப் பார்த்தான். முட்டியில் தோல் பிளந்து, வாசுவின் ரத்தமும் அவனுடையதுமாக மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"அவரு எதுக்கு சொவத்த தட்டுனாருன்னு தெரியுமாடா உனக்கு?" என்றாள் திலகா. "நான்தான் தட்ட சொன்னேன். புள்ள அழுகை வேற மாதிரி மாறுச்சு. போயி வாங்கிட்டு வாங்க, அந்தப் பையன் பாவம், ஒத்தையில கஷ்டப்படுறான்னு சொன்னேன். 'தம்பி, புள்ளைய இங்க குடு'ன்னு கத்திக்கிட்டேதான்டா தட்டுனாரு. எம்புருஷன அடிச்சிக் கொன்னுட்டியா? சொல்லு!"

திவாகரன் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வாசு சாகவில்லை. லயத்து ஆட்கள் ஓடி வந்து, ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்பல் இரண்டு போயிருந்தது. மூக்கு எலும்பு உடைந்திருந்தது. விலாவில் ஒன்று விரிசல். பின்மண்டையில் ஏழு தையல். வந்தவர்களில் இரண்டு பேர் திவாகரனைப் பிடித்து வாசலில் உட்கார வைத்தார்கள். அவன் திமிறவில்லை. ஒருவன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அதற்கும் அவன் ஒன்றும் செய்யவில்லை.

யாரோ ரூபினிக்குப் போன் செய்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு, கூட வேலை செய்யும் ஒருத்தியின் காரில், பேக்டரிச் சட்டையோடு வந்து இறங்கினாள். திலகா தனுஷாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவசரமாக அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாரானாள். ரூபினி குழந்தையை உள்ளே கொண்டுபோய், நனைந்த சட்டையை மாற்றினாள். பிறகு அப்படியே நின்றாள்.

"திவா, இங்க வா."

அவன் எழுந்து போனான். குழந்தையின் இரண்டு மேல்கையிலும் விரல் தடம் இருந்தது. முன்பக்கம் ஒரு பெருவிரல், பின்பக்கம் நான்கு. சிவப்பு மாறி நீலமாகிக்கொண்டிருந்தது.

"இது யாரு கை?"

அவன் வாய் தானாகத் திறந்தது. "திலகா அக்கா ஏணையிலேருந்து புடுங்கி எடுத்தாங்க. அப்ப பட்டிருக்கும்."

சொன்னது அவ்வளவுதான். ரூபினி குழந்தையை மெத்தையில் கிடத்திவிட்டு வெளியே ஓடினாள். காரில் ஏறப்போன திலகாவின் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"எம்புள்ளைய என்னாடி பண்ண? பகலெல்லாம் இப்படித்தான் புடிப்பியா? கை ரெண்டும் நீலம் பாஞ்சி கெடக்கு!"

திலகா திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நம்ப முடியாமல் பார்த்தாள். புருஷனின் ரத்தம் அவள் சேலையில் இருந்தது. ரூபினி அவளைக் காரோடு சேர்த்துத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். அறைய ஓங்கினாள். திலகா அந்தக் கையைப் பிடித்து முறுக்கினாள். இரண்டு பெண்களும் செம்மண்ணில் விழுந்து புரண்டார்கள். சுற்றி நின்றவர்கள் விலக்கப் பாய்ந்தார்கள். உள்ளே மெத்தையில் குழந்தை மறுபடி வீறிட ஆரம்பித்தது.

"நான்தான்!"

திவாகரன் வாசல்படியில் நின்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி ஓடி வந்து ரூபினியின் தோளைத் தொட்டான்.

"ரூபி, விடு. அக்கா ஒன்னும் பண்ணல. என் கைதான் அது. நான்தான் புடிச்சேன்."

ரூபினி மண்ணில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"என்னா பண்ண நீ?"

"தூக்குனேன். கத்துனேன். கையப் புடிச்சி..." சுற்றி இருபது பேர் நின்றார்கள். "உலுக்க போனேன். உலுக்கல. அதுக்குள்ள அண்ணன் சொவத்த தட்டிட்டாரு."

"தட்டலன்னா?"

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான்.

"தட்டலன்னா என்னா திவா? சொல்லு."

"கொன்னிருப்பேன்" என்றான். "அண்ணன அடிச்சது, அவரு தட்டுனதுக்கு இல்ல. கை வேற எங்கயாச்சும் போவணும்னு இருந்துச்சி. அங்க போயிடுச்சி."

திலகா எழுந்து சேலையை உதறினாள். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். திவாகரன் அருகில் வந்து நின்று, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலம்கொண்ட மட்டும் அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரூபினி அவளிடம் ஏதோ சொல்ல எழுந்தாள். கார் நகர்ந்துவிட்டது.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. வாக்குமூலத்தில் வாசுவை அடித்ததை மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் கேட்காத கேள்விக்கும் அவன் பதில் சொன்னான், குழந்தையின் கையில் இருந்த தடத்தையும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த மலாய்க்காரர் பேனாவை வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்கலாம். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். மூன்று நாள் லோக்கப்பில் இருந்தான். சமூகநல அதிகாரி ஒரு பெண் வந்து பார்த்தாள். குழந்தையை ஆஸ்பத்திரியில் தலையிலிருந்து கால்வரை பரிசோதித்தார்கள். தடம் தவிர வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு ஜாமீனில் விட்டார்கள்.

ரூபினி குழந்தையோடு சுங்கை சோ என்ற ஊரில் இருக்கும் தன் அக்கா அமராவதி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவன் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை அவன் அங்கே போகலாம், அமராவதியின் புருஷன் பக்கத்தில் இருந்தால் மட்டும் மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடானது. தோட்டத்து நிர்வாகம் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டது. மில்லில் குலை கொட்டும் இடத்தில் மண்வெட்டி வேலை கொடுத்தார்கள். சமூகநல அதிகாரி சொன்ன இடத்துக்குப் புதன்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனான். அங்கே ஒரு அறையில் ஆறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, யாரை எப்படி அடித்தோம் என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் அவன் வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம் குளியலறைக் கதவிலிருந்து ஆரம்பித்தான்.

வாசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் திவாகரன் போய் அவன் வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்டான். வாசுவுக்கு மூக்கில் இன்னும் கட்டு இருந்தது.

"கோர்ட்டுல பாத்துக்கலாம் தம்பி" என்றான். பல் போன இடத்தில் காற்று புகுந்து வார்த்தை குழறியது. "நான் கேஸ வாபஸ் வாங்க மாட்டேன். நீ அன்னிக்கி எல்லார் முன்னாடியும் உள்ளத சொன்னியாமே, திலகா சொன்னா. அது சரி. ஆனா வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்க வேணாம்ணே."

"போ. இங்க நிக்காத."

வாசு வீட்டுக்குள் போய்விட்டான்.

நான்காம் மாதம் முடிந்த பிறகும் தனுஷாவின் அழுகை நிற்கவில்லை. மிஸ்ஸி சொன்ன கணக்கு தப்பிப்போய், ஐந்தாம் மாதத்தின் நடுவில்தான் குறைய ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை திவாகரன் சுங்கை சோவில் இருந்தபோது, இருட்டும் நேரத்தில் அவள் ஆரம்பித்தாள். அமராவதியின் புருஷன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரூபினி குழந்தையோடு வந்து, சற்றுத் தயங்கி, அவனிடம் நீட்டினாள்.

"வெச்சிக்கிறியா?"

வாங்கிக்கொண்டான். தோளில் போட்டுத் தட்டினான். குழந்தை காதுக்குள் கத்தியது. நடந்தான். கால் மணி நேரம் நடந்தான். ரூபினி கண்ணை எடுக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது நிமிடத்தில், பின்கழுத்தில் அந்தச் சூடு ஏறுவது அவனுக்குத் தெரிந்தது. பல் கடிபட்டது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இது போகவில்லையே என்று இருந்தது.

"ரூபி" என்றான். "வருது. நீ வாங்கிக்க."

அவள் உடனே வாங்கிக்கொண்டாள். அவன் வெளியே போய், வேலி ஓரமாக நின்றான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டான். உள்ளே மகள் கத்திக்கொண்டே இருந்தாள். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. எதிர்வீட்டில் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் கழித்து ரூபினி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தூங்கிட்டா."

அவன் தலையாட்டினான்.

"சாப்பிட்டுட்டு போ" என்றாள். "கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."